சில்லு இல்லாத ஆல்பம்

வாங்க, வாங்க. பெல் அடிச்சீங்களா? எப்ப? அட, அவ்வளவு நேரமா வெயில்ல நிக்கறீங்க. அந்தப் பெல்லு கெட்டுப்போச்சுங்க. குருவி கத்தற மாதிரி கீச்சுக் கீச்சுன்னு கத்துமே, அந்த வகை. மாத்தோணும்னு என்ற சம்சாரத்துகிட்ட நானும் சொல்லிட்டே இருக்கறன். நல்லாத்தான அடிக்குதுங்கறா. ஒண்ணு சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டா. நீங்க கதவைத் தட்டுனீங்க பாருங்க, அது சரி.

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டுப் பேசுனா எனக்கு ஒண்ணும் புரியாது. இக்கட்டால வாங்க, எனக்கு நேரா. ம். தாளப் பொட்டி உள்ள இருக்குது, காட்டறன். எதுக்கு விக்கறீங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே? மாடு வாங்கப் போனாக்கூடச் சுழி பாத்துட்டு, ஏனுங்க விக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. நீங்க கேக்கலைன்னாலும் நான் சொல்லிப்போடறன். யாருகிட்டயாச்சும் சொல்லலைன்னா எனக்கு மண்டையே வெடிச்சுப்போகும்.

திருப்பூர்ல கல்யாணக் கச்சேரிக்கு வாசிக்கறவருன்னு என்ற சம்சாரம் பூங்கொடி சொன்னா. போன்ல அவதான பேசுனா. அப்ப மின்தடைன்னு ஒரு குரூப்பைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கேட்டிருக்கீங்களா? பாட்டும் கேட்டிருக்கீங்களா? சரி, அப்பப் பேச்சு சுலபமாப் போச்சு. அந்த மின்தடையில மூணு பேரு. கீபோர்டு எட்வின். அடியில கொழகொழன்னு ஓடற சத்தமெல்லாம் ஹேமா. தாளம் முச்சூடும் சென்னியப்பன். நான்தானுங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க. போஸ்டர்ல முடி இருந்துச்சு, இப்ப இல்ல, அவ்வளவுதான்.

இந்தக் கோயமுத்தூர்ல ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, மூணு பேரும் எலக்ட்ரிகல். கரண்டு போச்சுன்னா எங்களால ஒரு சத்தம் போட முடியாது, அதனால மின்தடைன்னே பேரு வெச்சோம். வயசுக் குசும்பு. பாட்டுல பாடறதுக்கு ஆளு கிடையாது, தபலா கிடையாது, வயலின் கிடையாது. ஒயர்ல வர்ற சத்தம் மட்டும். எங்கூட்ல என்னடா இது மில்லு ஓடற சத்தம்னு கேட்டாங்க. ஆமாங்கய்யா, மில்லு ஓடற ஊர்ல மில்லு சத்தம்தான் வரும்னு சொன்னன். இருவத்தஞ்சு வருசம் ஓட்டியாச்சுங்க. பொழப்புக்கு அவன் காலேஜ் வாத்தியாரு, அவ பேங்க்ல, நான் கணபதியில மோட்டார் பட்டறை. ஆனா கேட்டா மின்தடைன்னுதான் சொல்லுவோம்.

எங்களுக்குன்னு ஒரு முறை உண்டு. புதுசா ஒரு சத்தம் கொண்டாந்தா யாரும் பேசக்கூடாது. போட்டுக் காட்டறது, மத்த ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டுக் கேக்கறது, புடிச்சாத் தலையை ஆட்டறது. மூணு தலையும் ஆடுனாத்தான் அந்தச் சத்தம் உள்ள வரும். ஒரு தலை ஆடலைன்னாலும் வெளிய. ஏன் எதுக்குன்னு கேள்வி கிடையாது. பேச ஆரம்பிச்சா எட்வின் வாத்தியாரு வேலையக் காட்டுவான், நான் கெட்ட வார்த்தை பேசுவன், ஹேமா வண்டிய எடுத்துட்டுப் போயிருவா. அதனால தலை மட்டும்.

இப்பச் சொல்லுங்க, எங்க பாட்டுல உங்களுக்கு எது ஞாபகம் இருக்குது? மேல ஓடும் பாருங்க ஒண்ணு, டிரம்ஸ்ல ரெண்டு தட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிட்டு நிக்குமல்ல, அந்தத் தட்டுச் சத்தம். இஸ்க் இஸ்க் இஸ்க்குன்னு. நாங்க அதுக்கு சில்லுன்னு பேரு வெச்சிருக்கறோம். எல்லாரும் தாளத்தை அடியில இடிக்கற கும்முல புடிப்பாங்க, நான் சில்லுல புடிப்பன். அந்தச் சில்லு இல்லீன்னா மின்தடையே இல்லீங்க. நானாச் சொல்லலை, கேட்டவங்க சொன்னது. பெங்களூர்ல ஒரு பையன் அதக் கையில பச்சையே குத்தியிருந்தான், தட்டுப் படம் போட்டு.

அந்தச் சில்லை எடுத்துப்போட்டாங்க தம்பி. புது ஆல்பத்துல அது இல்ல. ஒரு பாட்டுல கூட இல்ல.

கோவம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் இருவத்தஞ்சு வருசம் போட்ட சோத்துல, இனிமே உப்பு வேண்டாம்னு சொன்னாப்பல. இருங்க, இருங்க. மொதல்ல இருந்து சொல்றன்.

ரெண்டு வருசம் முன்னாடி பெங்களூர்ல கச்சேரி. பெரிய இடம், நல்ல கூட்டம். ஆரம்பிச்சாச்சு, எனக்கு என்ற சில்லே கேக்க மாட்டீங்குது. சவுண்டு பாக்கறவன் ஒரு அரைவேக்காடு, கொறைச்சு வெச்சிருக்கறான். நான் இங்கிருந்து ஏத்தறன். அவன் அங்க கொறைக்கறான். நான் மறுக்கா ஏத்தறன். இப்படியே சண்டை. கடைசியில ஸ்பீக்கர்ல மேல் சத்தத்துக்குன்னு ஒரு சின்னக் குமிழ் இருக்குமல்ல, அது புட்டுக்கிச்சு, ரெண்டு பக்கமும். அதுக்கு முன்னாலயே முன்வரிசையில நின்ன பசங்க காதைப் பொத்திட்டு ஓடறானுக. இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காதே இல்லீங்க. பொழுதன்னைக்கும் அந்தப் பொடி ஸ்பீக்கரைக் காதுக்குள்ள திணிச்சுட்டுத் திரிஞ்சா வேறென்ன ஆகும்.

அன்னைக்குத் திரும்பி வர்றப்ப எட்வின்தான் வண்டி ஓட்டுனான். சேலம் தாண்டுனதும், "சென்னி, எனக்குக் காது வலிக்குது. நாம ஒரு காது டாக்டரைப் பாத்துட்டு வருவோமா?"ன்னான். உனக்கு வலிச்சா நீ போடான்னன். "தனியாப் போகச் சங்கடமா இருக்குது, நீயும் வா, ஒட்டுக்காப் போலாம்"ங்கறான். அம்பது வயசு ஆம்பளைக்கு டாக்டர்கிட்டப் போறதுக்குத் துணை கேக்குது. நான் போகலீங்க. அப்பறம் ஹேமாவும் ஒரு நாள் சொன்னா, "நாங்க ரெண்டு பேரும் காட்டிட்டு வந்துட்டோம், நீயும் ஒரு தடவை காட்டிரு"ன்னு. ரெண்டு பேருக்கும் காதுல கோளாறு. பாவம். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும், இவங்களால இனிமே நல்ல சத்தம் கேக்க முடியாதுன்னு.

எனக்கென்னங்க. பம்பு ஓடறதைக் கேட்டே எந்தப் பேரிங் தேஞ்சிருக்குதுன்னு சொல்ற ஆளு நானு. அதுலயும் பாருங்க, இப்பெல்லாம் வர்றவனுக ஒரு மாதிரி. போன மாசம் அன்னூர்க்காரர் ஒருத்தரு, சரி பண்ணிக் குடுத்த மோட்டாரைத் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டாரு. கீச்சுன்னு கத்துதாமா. என்ற முன்னாலயே ஓட விட்டன். கம்முனு ஓடுது, பச்சைப்புள்ள தூங்கற மாதிரி. கத்துது பாருங்க, கத்துது பாருங்கன்னு அவரு கத்தறாரு. வேலையாளும் அவருகூடச் சேந்துட்டுத் தலையாட்டறான். போய்யான்னு தாட்டி உட்டுட்டன்.

சரி, ஆல்பத்துக்கு வர்றன்.

எட்வின் வீட்டு மாடியிலதான் எப்பவும் வேலை. போன வருசம் ஆரம்பிச்சோம். ஹேமா ஒவ்வொரு சத்தமாப் போட்டுக் காட்டறா. முறைப்படி நான் கண்ணை மூடிக் கேட்டுட்டுத் தொறந்தா, அவ என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறா. மூஞ்சியில என்னடி இருக்குதுன்னன். ஒண்ணுமில்ல சென்னி, நீ கேளுங்கறா. நானும் கேப்பன். நல்லா இருந்தா ஆட்டுவன். சில சமயம் எதுவுமே போடாம உக்காந்திருப்பா, போடறதுக்குள்ள என்னன்னு தலையாட்டறது? சும்மா இருப்பன். அவ எட்வினைப் பாப்பா, அவன் அவளைப் பாப்பான், அடுத்ததுக்குப் போயிருவாங்க.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தானுங்க, மறைக்கறதுக்கு என்ன. நான் ஆட்டுனதெல்லாம் வெச்சாங்க. நான் ஆட்டாததுல ஒண்ணைக்கூட வெக்கலை. முன்னெல்லாம் எட்வின் மூக்கைச் சொறிவான், அடம் புடிப்பான், மறுக்காப் போட்டுக் காட்டுவான். இந்தத் தடவை ஒரு முணுமுணுப்பு இல்ல. ஒரு நாள் அவன் ராத்திரியெல்லாம் உக்காந்து செஞ்சதுன்னு ஒரு ராகத்தைப் போட்டான். எனக்கு அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் வந்துச்சு, நடுவுல நடுவுல ஓட்டை. என்னடா ஓட்டை ஓட்டையா இருக்குதுன்னு தலையை ஆட்டலை. அவன் அப்படியே அழிச்சுட்டான். என்ற கண்ணு முன்னால அழிச்சான். இருவத்தஞ்சு வருசம் கழிச்சு இப்பத்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு வந்திருக்குதுன்னு நெனச்சன்.

அப்படி மதிப்புக் குடுக்கற மாதிரி குடுத்துட்டுக் கடைசியில கழுத்தை அறுத்தாங்க.

எல்லாம் முடிஞ்சுது, என்ற சில்லைப் போட வேண்டியதுதான் பாக்கி. பொட்டிய மாட்டி ஓட உட்டன். இன்னும் ஏத்துன்னன். ஏத்துனான். இன்னும் ஏத்துடான்னன். "சென்னி, போதும்"ங்கறான். போதும்னு நான் சொல்லோணும்டா, அது என்ற சில்லுன்னு நானே போயித் திருகுனன். அப்பத்தான் கொஞ்சம் இஸ்க்குன்னு வந்துச்சு. நான் தலையை ஆட்டுனன். திரும்பிப் பாக்கறன், ரெண்டு தலையும் ஆடலை. ஹேமா ரெண்டு கையிலயும் காதைப் பொத்திட்டு உக்காந்திருக்கறா. கண்ணுல தண்ணி. எட்வின் போயி அமத்திட்டான். அமத்திப்போட்டு, "இந்த ஆல்பத்துல சில்லு வேண்டாம் சென்னி"ன்னான்.

வேண்டாமா? ஏன்டா வேண்டாம்?

கேள்வி கேக்கக்கூடாதுங்கறது முறை. கேட்டன். அவன் சொல்றான், "இது வேற மாதிரி ஆல்பம். எல்லாம் அடியில ஓடட்டும். வயசுக்கேத்த மாதிரி." யாரு வயசுக்கு? எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்போட்டன். உங்க ரெண்டு பேருக்கும் காது போச்சு, அதுக்கு என்ற தாளத்தை எதுக்குடா வெட்டறீங்க, செவிட்டு நாய்ங்களான்னு கேட்டன். ஆமா, கேட்டன். ஹேமா வாயைத் தொறந்தா, எட்வின் அவ கையைப் புடிச்சு வேண்டாம்னான். என்ன வேண்டாம்? அப்பவும் நாடகம். பொட்டியத் தூக்கிட்டு வந்துட்டன். அன்னைக்கு வந்து வெச்சது, இன்னும் ஆன் பண்ணலீங்க.

பூங்கொடி, தம்பிக்கு மோர் கொண்டா. பூங்கொடி! பாருங்க, பதிலே சொல்ல மாட்டா. இப்பெல்லாம் பக்கத்துல வந்து தோளைத் தொட்டுட்டுத்தான் பேசறா, இருந்த இடத்துல இருந்து ஒரு குரல் குடுக்கறதில்ல. ஊமைக்கொட்டான் மாதிரி.

ஆல்பம் வந்துருச்சுங்க. பேரு நிலத்தடி. நீங்க கேட்டீங்களா? எப்படி இருந்துச்சு? மூஞ்சிக்காகச் சொல்லாதீங்க. நல்லா இருந்துச்சா? எதுங்க நல்லா இருந்துச்சு? கும்கும்னு இருட்டுக்குள்ள யாரோ நடக்கற மாதிரி. நான் மொத தடவை போட்டவுடனே அடி முதல் நுனி வரைக்கும் எல்லாம் வெளங்கிருச்சு. ஒளிவு மறைவு ஒண்ணுமில்ல. பழசையெல்லாம் எடுத்து இப்பக் கேட்டா நூலு நூலா எங்கியோ மறைஞ்சு போகும், நாலு தடவை கேட்டாலும் புடிபடாது. அதுதானுங்க வேலைப்பாடு. இது என்ன, பால்வாடிப் பசங்களுக்குப் படம் காட்டற மாதிரி எல்லாத்தையும் கிட்டக் கொண்டாந்து காட்டறாங்க. என்னைய என்ன பச்சைக்கொழந்தைன்னு நெனச்சாங்களா?

நெட்டுல ஒருத்தன் எழுதறான், மின்தடையின் இசையில் முதிர்ச்சி தெரிகிறதுன்னு. முதிர்ச்சி. கெழடுதட்டிப் போச்சுன்னு சொல்றதுக்கு அது ஒரு நாசூக்கு. ஹேமா அந்தக் கட்டுரைய எனக்கு அனுப்பிச்சு வெச்சிருக்கறா, கூடவே ஒரு கும்புடு.

அதைக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. ஆல்பம் அட்டைக்குப் பின்னால என்ன போட்டிருக்கறாங்க தெரியுமா? "சென்னிக்கு." அவ்வளவுதான், ஒரே வார்த்தை. உசுரோட இருக்கறவனுக்கு யாருங்க சமர்ப்பணம் போடுவாங்க? அதுவும் அதே குரூப்புல இருக்கறவனுக்கு? போட்டோவுக்கு மாலை போட்டு வெளக்கேத்தற மாதிரி. என்னைய எடுத்துப்போட்டாச்சு, காரியமும் பண்ணியாச்சு.

வர்ற சனிக்கெழமை இங்கதான் வெளியீட்டுக் கச்சேரி. ஊர் முச்சூடும் போஸ்டர், என்ற மூஞ்சியும் இருக்குது. எட்வின் நாலஞ்சு தடவை வீட்டுக்கு வந்துட்டான். சில்லு இல்லாம நான் மேடையில என்னடா பண்றதுன்னு கேட்டா, "கும்மு முழுக்க உன்னோடதுதான் சென்னி, நீ இல்லாம இது ஓடாது"ங்கறான். சமாதானம் பேசறான். நான் வரமாட்டன், குரூப்பே வேண்டாம்னு சொல்லிப்போட்டன். சொன்னா நம்ப மாட்டாங்க. பொட்டிய வித்தாத்தான் நம்புவாங்க. அதுக்குத்தான் தம்பி விளம்பரம் குடுத்தது. சனிக்கெழமைக்குள்ள இது இந்த வீட்ட உட்டுப் போயிரோணும்.

வாங்க, காட்டறன். இந்த ரூமு. பூங்கொடி, நீ எதுக்கு வாசப்படியில நிக்கற? மோரை அங்க வை.

இதான் பொட்டி. ஜப்பான்காரன் செஞ்சது. ஸ்பீக்கர்ல மாட்டியாச்சு. நீங்களே அமுக்குங்க, உங்களுக்குத் தெரியாததா. மொத பட்டன் கும். பாத்தீங்களா, நெஞ்சுல வந்து இடிக்குது. அடுத்தது தட். அதுக்கடுத்தது கைத்தட்டு. கடைசியில இருக்கறதுதான் நம்ம சில்லு. அமுக்குங்க.

அமுக்குங்க தம்பி.

அமுக்கிட்டுத்தான் இருக்கீங்களா? ஆமா, லைட்டு எரியுது. ஒயரை ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க. ஏத்துங்க. இன்னும். ம்ஹும். போச்சு. தூக்கிட்டு வந்து சும்மா வெச்சதுல இதுவும் போச்சு. எவ்வளவு வருசமா ஓடுன பொட்டி, பாருங்க, கோவத்துல ஒரு தடவை போட்டு வெச்சதுக்கு உசுரை உட்டுருச்சு. சரி உடுங்க, நான் மறைச்சு விக்கற ஆளு இல்ல. சில்லு இல்லாத பொட்டி இது, அதுக்குத் தக்கன வெலையக் கொறைச்சுக்கலாம். பாதியாக் குடுங்க, போதும்.

என்ன? நேரா என்னையப் பாத்துச் சொல்லுங்க.

வருதா?

நல்லா வருதுங்கறீங்க. முழு வெலையே தர்றன்ங்கறீங்க. எதுக்குங்க அப்படிச் சொல்றீங்க? வாங்க வந்தவரு இல்லாத பழுதையும் இருக்குதுன்னு சொல்லிக் கொறைப்பாரு. நானே பழுதுங்கறன், பாதி வெலைங்கறன், நீங்க இல்லைங்கறீங்க. எனக்கு ஆறுதல் சொல்றதுக்கு நீங்க யாரு? என்னைய உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும். நீங்க எதுக்குப் பொய் சொல்லப் போறீங்க.

பூங்கொடி, இங்க வா. இது வருதா வரலியா? அழுவாத. அழுவறதுக்கு நான் என்ன கேட்டுப்போட்டன். ஆமான்னு இல்லைன்னு ஒரு வார்த்தை.

ம்.

வருதுன்னு தலையை ஆட்டற. எட்வினுக்குத் தெரியுமா? ஹேமாவுக்கு? பெங்களூருக்கு முன்னாலயிருந்தேவா?

அப்ப அந்த மாடியில ரெண்டு பேரும் உக்காந்து என்ற தலை எப்ப ஆடுதுன்னு பாத்துப் பாத்து, அவனவன் காதுக்கு நல்லாக் கேட்டதையெல்லாம் அழிச்சுப்போட்டு, எனக்கு எட்டறதை மட்டும் வெச்சு ஒரு ஆல்பமே செஞ்சிருக்கறாங்க. நான் கேட்டனா? எனக்காக உங்க சத்தத்தைக் கொறைச்சுக்கங்கடான்னு நான் போயிக் கேட்டனா? அவன் செஞ்ச ராகத்தை என்ற கண்ணு முன்னால அழிச்சானே, பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல, சென்னி உனக்குக் கேக்கலடான்னு. சொல்லியிருந்தா நான் அவனை அடிச்சிருப்பன். ஆமா, அடிச்சுத்தான் இருப்பன். அதுக்காகச் சொல்லாம இருக்கறதா?

எங்க தம்பி எந்திரிக்கறீங்க? இல்லீங்க, இதை விக்கறதா இல்ல. உங்களை வீணா அலைய உட்டுட்டன், சோறு தின்னுட்டுத்தான் போகோணும். அந்தப் பட்டன்ல இருந்து கையை மட்டும் எடுக்காதீங்க. உக்காருங்க, லைட்டு எரியுது பாருங்க, ஓடட்டும். அது எப்படி வருதுன்னு எனக்குச் சொல்லுங்க.